மழையில் கிடக்கும் பலகை

வீட்டின் பின்புறம் ஒரு தோட்டம். அத்தோட்டத்தில் தரைக்கு ஓரடி உயரத்தில் கால்கள் நாட்டி, அவற்றின்மேல் சட்டங்கள் பரப்பி, சட்டங்களின்மேல் பலகைகளை வரிசையாகப் பொருத்திய ஒரு தளம். மேலே கூரை இல்லை. பக்கத்தில் சுவர் இல்லை. மாலைப்பொழுதில் நாற்காலியிட்டு அமர்ந்து காற்று வாங்குவதற்கும், குழந்தைகள் ஓடியாடி விளையாடுவதற்கும் ஏற்ற இடம். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் குடியிருப்பு வீதிகளில் நடந்தால் இத்தகைய மரத்தளங்கள் பலவற்றைக் காணலாம்.

நமக்கும் இஃது அறவே புதியதன்று. தினைப்புனம் காத்தோர் கட்டிய பரணும் திறந்தவெளியில் நின்ற மரத்தளமே. ஆனால் பரண் கட்டியவன் அதனிடம் எதிர்பார்த்தது ஒரு பருவத்து உழைப்பு. கதிர் அறுத்த மறுநாள் பரணின் கடமை முடிந்தது. அதன் கழிகள் அடுப்புக்குப் போயின. தோட்டத்தில் தளம் அமைக்கும் மேல்நாட்டாரோ, அது இருபது முப்பது ஆண்டுகள் நிற்கவேண்டும் என்று விரும்புகின்றனர். மழையும் பனியும் மூடுபனியும் மாறிமாறி நனைக்கும் நாட்டில், கூரையின் துணையின்றி, மரம் அத்தனை காலம் நிற்க வேண்டுமாம்! இந்த ஆசைக்கு இருநூறு ஆண்டு வரலாறு ஒன்று உண்டு. இருப்புப்பாதை, தேராதூன் நகரின் ஆராய்ச்சிக்கூடம், குழந்தைகளின் உள்ளங்கை, ஜப்பானியக் கோயில் ஒன்று ஆகிய யாவும் அந்த வரலாற்றில் வந்து சேர்கின்றன. பாடப்புத்தகத்தில் இதற்கு இடமில்லை. ஆகவேதான் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்ற நான் இதனை இங்கே எடுத்துக்கொண்டேன்.

மரம் ஏன் மக்குகிறது என்பதை முதலில் தெளிவு செய்துகொள்வோம். தண்ணீர் பட்டால் மரம் மக்கும் என்று எல்லோரும் சொல்வர். ஆனால் தண்ணீர் தானாக மரத்தைத் தின்பதில்லை. வெனிஸ் நகரத்து மாளிகைகள், கடற்சேற்றில் அடித்து இறக்கிய மரக்கழிகளின்மேல் பல நூற்றாண்டுகளாக நிற்கின்றன. மரத்தைத் தின்பது பூஞ்சணம். நூலினும் மெல்லிய அதன் இழைகள் மரத்தின் நாளங்களுக்குள் புகுந்து, மரத்துக்கு உறுதி தரும் பொருள்களைக் கரைத்து உண்கின்றன. பூஞ்சணத்துக்கு நான்கு வசதிகள் வேண்டும்: உணவு, காற்று, மிதமான வெப்பம், ஈரம். வெனிஸ் நகரத்துச் சேற்றில் காற்று இல்லை. ஆதலால் பூஞ்சணமும் இல்லை. உலர்ந்த வீட்டுக்குள் இருக்கும் மேசையிலும் கட்டிலிலும் ஈரம் இல்லை. மரத்தின் உலர்ந்த எடையில் நூற்றுக்கு 20 பங்குக்குக் குறைவாக ஈரம் இருக்கும்வரை பூஞ்சணம் தலையெடுப்பதில்லை. 30 பங்கை எட்டிவிட்டால் அது கொண்டாட்டமாக வளரும். தோட்டத்துப் பலகையிலோ நான்கு வசதிகளும் ஒருங்கே கிடைக்கின்றன. வேலிக்கு நட்ட கம்பம் மண்ணுக்கு உள்ளேயும் உயரத்திலும் உறுதியாயிருக்க, மண்மட்டத்தில் மட்டும் இற்று ஒடிவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஈரமும் காற்றும் கைகோக்கும் இடம் அதுவே.

மழை மிகுந்த ஊரில் மரம் விரைவில் மக்கும் என்று நினைப்பது இயல்பு. அந்நினைப்பும் முழுவதும் சரியன்று. சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது; ஈரத்துக்குப் பேர்போன இலண்டன் மாநகரிலோ ஏறத்தாழ 600 மில்லிமீட்டர்தான். பெய்யும் அளவைவிட, மரம் நனைந்தபடியே இருக்கும் காலந்தான் கணக்கு. 1971ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி ஷெஃபர் என்பவர், ஓர் ஊரின் தட்பவெப்பம் மரத்துக்கு எவ்வளவு பகை என்பதை அளக்க ஒரு வாய்பாடு வகுத்தார். அதில் மழையின் அளவு இடம்பெறவே இல்லை. மாதத்தின் சராசரி வெப்பமும், மழை பெய்த நாள்களின் எண்ணிக்கையுமே இடம்பெறுகின்றன. ஒரே நாளில் கொட்டித் தீர்த்து ஓய்ந்த பெருமழையைப் பலகை மன்னித்துவிடும். முப்பது நாளும் விட்டுவிட்டுத் தூறும் சிறுமழையை அது தாங்காது. கணக்கில் ஆர்வமுள்ள மாணவர்கள் தம் ஊருக்கு இவ்வாய்பாட்டைப் போட்டுப் பார்க்கலாம். ஆனால் நம் நாட்டில் கறையான் என்னும் மற்றொரு பகையும் உண்டு. அதனை இவ்வாய்பாடு அறியாது.

எல்லா மரமும் ஒரே வகையாக மக்குவதுமில்லை. நம் பெரியோர் வைரம் பாய்ந்த மரம் என்று சொல்வது வெறும் அணியன்று. மரத்தின் நடுப்பகுதி முதிர முதிர, அதில் பூஞ்சணத்துக்கும் பூச்சிக்கும் ஆகாத பொருள்கள் சேர்கின்றன. அதுவே வைரம் அல்லது காழ். உள்ளே காழ் கொண்டதை மரமென்றும் புறத்தே காழ் கொண்டதைப் புல்லென்றும் தொல்காப்பியர் வகுத்தார்; பனையும் மூங்கிலும் மரமல்ல என்பது அவ்வகுப்பினால் விளங்கும். தேக்கின் வைரம் மழையில் கிடந்தாலும் பல்லாண்டு நிற்கும். ஆங்கிலேயர் அம்மரத்தை அழைக்கும் பெயரே தேக்கு என்னும் தென்னாட்டுச் சொல்லின் திரிபாகும். ஆனால் அதே தேக்கின் புறத்தே வெளுத்திருக்கும் பகுதி, மாவையும் இலவையும் போல விரைவில் மக்கிவிடும். இந்திய அளவுமுறையில், மரத்துண்டை மண்ணில் பாதி புதைத்து வைத்து, அது எத்தனை மாதம் தாங்குகிறது என்று பார்க்கின்றனர். 120 மாதங்களைக் கடந்து நிற்பது முதல் வகுப்பு. 60 மாதங்களுக்குள் வீழ்வது மூன்றாம் வகுப்பு. இத்தகைய சோதனைக் களத்துக்கு ஆங்கிலத்தில் இடுகாடு என்றே பெயர் வைத்திருக்கின்றனர். வரிசை வரிசையாய் நிற்கும் கட்டைகளுக்கு அப்பெயர் பொருத்தமே.

இனி வரலாற்றுக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்து இருப்புப்பாதை போடத் தொடங்கியது. தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டைகள் ஈரமண்ணிலேயே கிடக்கவேண்டியவை. வைரம் பாய்ந்த ஓக் மரம் அத்தனை மைலுக்கும் கிடைக்காது. மலிவான பைன் மரமோ சில ஆண்டுகளில் இற்றுப்போயிற்று. மலிவான மரத்தை விலையுயர்ந்த மரம்போல் உழைக்கச் செய்ய வழியுண்டா என்பதே அக்காலத்தின் கேள்வி. கயான் என்பவர் 1832ஆம் ஆண்டில் ஒரு வழிக்கு உரிமைப் பட்டயம் பெற்றார். மரத்தைப் பாதரச நஞ்சொன்றின் கரைசலில் ஊறவைப்பது அவ்வழி. நம் சித்த மருத்துவர்கள் வீரம் என்று வழங்கும் கொடிய சரக்குதான் அது. பிரெஞ்சு மருத்துவர் பூஷெரி மயில்துத்தத்தை நாடினார். 1838ஆம் ஆண்டில் ஜான் பெத்தல் என்பவர் வேறொரு வழி கண்டார். மரக்கட்டைகளை இரும்பு உருளைக்குள் அடுக்கி மூடி, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி வெளியேற்றி, பின்னர் நிலக்கரித் தாரிலிருந்து வடித்த கிரியோசோட் என்னும் எண்ணெயை அழுத்தத்தோடு செலுத்துவது அம்முறை. காற்று இருந்த இடமெல்லாம் எண்ணெய் நிரம்பும். விளக்கெரிக்க நிலக்கரி வாயு தயாரித்த தொழிற்சாலைகளில் தார் மிகுதியாகக் கிடைத்ததால் செலவும் குறைவு. இருப்புப்பாதை உலகம் பெத்தலின் முறையைப் பற்றிக்கொண்டது. இந்தியாவில் பாதை போட்ட நாள்களிலும், பால்டிக் கடற்கரை நாடுகளில் வெட்டி கிரியோசோட் ஊட்டிய பைன் கட்டைகள் கப்பலேறி இங்கே வந்தன. தேக்கும் சாலும் தேவதாரும் வளரும் நாட்டுக்குப் பைன் கட்டை வந்த விந்தையைப் பொருளாதார மாணவர்கள் ஆராயலாம்.

இங்கே ஒரு செய்தியைக் கவனியுங்கள். பெத்தல் மருந்து கண்ட 1838ஆம் ஆண்டில், மரம் ஏன் மக்குகிறது என்பதை எவரும் ஐயமற அறிந்திருக்கவில்லை. மக்கிய மரத்தில் காளான் முளைப்பதைக் கண்டவர்கள், மக்கியதனால் காளான் பிறந்தது என்றே கருதினர். ஜெர்மனியில் இராபர்ட் ஹார்டிக் என்னும் அறிஞர், மரத்துக்குள் ஓடும் இழைகளும் புறத்தே தோன்றும் காளானும் ஒரே உயிரின் உறுப்புகள் என்றும், நோய்க்குக் காரணமே அவ்வுயிர்தான் என்றும் விளக்கியது 1874ஆம் ஆண்டில். மருந்து முன்னே வந்தது. நோயறிவு முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து வந்தது. விஞ்ஞானம் எப்போதும் காரணம் கண்டு பின்னர்க் காரியம் செய்யும் என்று பாடம் சொல்கிறோம். வரலாறு அப்படி ஒழுங்காக நடப்பதில்லை.

கிரியோசோட்டுக்கு ஒரு குறை உண்டு. அது கறுப்பு, நாற்றம் உடையது, தொட்டால் ஒட்டும். தண்டவாளத்தின் அடியில் கிடக்கும் கட்டைக்கு அதனால் கேடில்லை. மனிதர் கை படும் மரத்துக்கு அது பொருந்தாது. நீரில் கரையும் உப்புகளை ஊட்டினால் மரம் தூய்மையாயிருக்கும். ஆனால் நீரில் கரைந்து உள்ளே சென்றது, மழைநீரில் கரைந்து வெளியேயும் வந்துவிடும். உள்ளே போகும்போது கரையவேண்டும், உள்ளே போனபின் கரையக்கூடாது. இந்த முரண்பாட்டை அவிழ்த்தவர் ஓர் இந்தியர்.

தேராதூனில் 1906ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட வன ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்தார் சொண்டி காமேசம். 1933ஆம் ஆண்டில் அவர் மூன்று சரக்குகளைக் கூட்டி ஒரு கரைசல் அமைத்தார்: மயில்துத்தம், ஆர்சனிக் சேர்ந்த பாஷாணம் ஒன்று, டைகுரோமேட் என்னும் குரோமிய உப்பு. மயில்துத்தத்திலுள்ள செம்பு பூஞ்சணத்தைத் தடுக்கும். பாஷாணம் கறையானையும், செம்புக்கு அஞ்சாத சில பூஞ்சணங்களையும் தடுக்கும். குரோமியத்தின் வேலைதான் நுட்பமானது. அது மரத்தின் பொருள்களோடு வினைபுரிந்து தானும் மாறி, செம்பையும் பாஷாணத்தையும் நீரில் கரையாத கூட்டுப்பொருள்களாக மரத்தினுள்ளேயே கட்டிப்போட்டுவிடும். கரைசலாய்ப் புகுந்தது கல்லாய் நின்றது என்று சொல்லலாம். பாஷாணம் ஒரு பங்கு, மயில்துத்தம் மூன்று பங்கு, டைகுரோமேட் நான்கு பங்கு என்பது அதன் அளவு. ஆர்சனிக், செம்பு ஆகியவற்றின் குறியீட்டெழுத்துகளைச் சேர்த்து அதற்கு ஆஸ்கு என்று பெயரிட்டனர். 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் அவருக்கு உரிமைப் பட்டயம் கிடைத்தது. தந்திக் கம்பங்களும் மின்கம்பங்களும் அம்மருந்தை உண்டு நிமிர்ந்து நின்றன. பச்சை நிறம் ஏறிய மரத்தை இன்றும் பல நாடுகளில் காணலாம். அந்நிறம் செம்பினால் வந்தது. உலகமெங்கும் பரவிய கண்டுபிடிப்பொன்றின் ஆசிரியராகிய காமேசத்தின் பெயரை நம் மாணவர்களில் எத்தனை பேர் கேட்டிருப்பர்?

காமேசம் முன்னிறுத்திய பொருள் கம்பம் என்பதை மறவாதீர்கள். கம்பத்தைக் குழந்தை கட்டித் தழுவுவதில்லை. அதன்மேல் உட்கார்ந்து உணவு கொள்வார் எவருமில்லை.

தோட்டத்து மரத்தளம் வேறொரு மூலையில் பிறந்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் அமெரிக்காவின் கலிபோர்னியா நாட்டில் வீட்டையும் தோட்டத்தையும் ஒன்றாக இணைக்கும் புதுவகைக் கட்டடக்கலை தோன்றியது. தாமஸ் சர்ச் என்னும் தோட்டக்கலை வல்லுநர் 1948ஆம் ஆண்டில் சோனோமா என்னும் இடத்தில் டானல் குடும்பத்தார்க்கு ஒரு தோட்டம் வகுத்தார். அங்கிருந்த ஓக் மரங்களை வெட்டாமல், அவை மேலெழத் திறப்புகள் விட்டு, ரெட்வுட் என்னும் செம்மரப் பலகைகளால் தளம் அமைத்தார். நம் சித்தூர்ச் செம்மரம் வேறு, அது வேறு; அது வானளாவ வளரும் ஊசியிலை மரம். அதன் வைரம் இயல்பாகவே மக்குதலை எதிர்ப்பது. அந்நாட்டில் மழை குளிர்காலத்தில் மட்டும் பெய்யும். கோடை முழுவதும் வானம் வறண்டிருக்கும். நல்ல வைரம், நீண்ட வறட்சி, திறந்த தளம் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று இசைந்தன. படங்களில் அத்தோட்டத்தைக் கண்டவர்கள் மயங்கினர். மயங்கியவர்கள் தளத்தை மட்டும் எடுத்துக்கொண்டனர். வறண்ட கோடையை எவரும் எடுத்துச்செல்ல முடியவில்லை.

ஈரம் மிகுந்த நாடுகளில் தளம் அமைக்க வேண்டின் ரெட்வுட்டுக்கு ஈடாக ஏதேனும் வேண்டும். அந்த ஈடு ஆயத்தமாக இருந்தது. 1970ஆம் ஆண்டுகளிலிருந்து அமெரிக்காவில் காமேசத்தின் மருந்து ஊட்டிய பைன் பலகைகள் தோட்டத் தளங்களுக்கும், சுற்றுலா மேசைகளுக்கும், பூங்காக்களில் குழந்தைகள் ஏறி விளையாடும் அமைப்புகளுக்கும் பெருவாரியாகப் பயன்பட்டன. கம்பத்துக்குப் பிறந்த மருந்து விளையாட்டுத் திடலுக்கு வந்தது. தளம் வறண்ட நாட்டிலிருந்து ஈர நாட்டுக்குப் போயிற்று. மருந்து கம்பத்திலிருந்து குழந்தையின் கைக்குப் போயிற்று. இரண்டு இடமாற்றமும் நடந்தபோது, பழைய இடத்தில் கேட்ட கேள்வியைப் புதிய இடத்தில் மறுபடி கேட்டார் எவரும் இருந்ததாகத் தெரியவில்லை. இவ்வரலாற்றில் எனக்குப் பெரிதாகத் தோன்றும் நிகழ்ச்சி இதுவே.

பின்னர்க் கேள்வி எழத்தான் செய்தது. பாஷாணம் மரத்தில் கட்டுண்டது என்றாலும் முற்றிலும் கட்டுண்டதன்று. மழையில் சிறிது கரைந்து தளத்தின் கீழ் மண்ணில் சேர்ந்தது. பலகையின் மேற்பரப்பிலும் சிறிது தங்கியது. தவழும் குழந்தை பலகையைத் தொடும்; தொட்ட கையை வாயில் வைக்கும். நெடுங்காலம் சிறுசிறு அளவாக உட்கொண்டாலும் ஆர்சனிக் புற்றுநோய்க்குக் காரணமாகும் என்பது நிலைநாட்டப்பட்ட உண்மை. 2002ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறை ஓர் அறிவிப்பு வெளியிட்டது. மருந்து தயாரிப்போர் இசைந்தபடி, 2003 டிசம்பர் 31ஆம் நாளுக்குப் பின் வீட்டு உபயோக மரங்களுக்கு அம்மருந்தை ஊட்டுவதில்லை என்பது அதன் சாரம். ஐரோப்பிய ஒன்றியமும் 2004ஆம் ஆண்டின் நடுவில் அதனைக் கட்டுப்படுத்தியது. கம்பங்களுக்கும் கடலில் நாட்டும் தூண்களுக்கும் அமெரிக்காவில் அதன் பயன்பாடு தொடர்ந்தது. அதாவது, மருந்து தான் பிறந்த இடத்துக்குத் திரும்பிற்று. முன்னரே போட்ட தளங்களைப் பெயர்க்கவேண்டும் என்று உத்தரவிடவில்லை. ஆனால் அம்மரத்தை விறகாக எரிக்கக்கூடாது என்று எச்சரித்தனர். எரித்தால் ஆர்சனிக் சாம்பலிலும் புகையிலும் வந்து சேரும். பரணின் கழியைப்போல் அடுப்பில் வைத்து முடித்துவிட முடியாத மரம் இது.

இதற்காகக் காமேசத்தைக் குறைகூறுவது முறையன்று. தம்மிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு அவர் சிறந்த விடை தந்தார். பாஷாணம் நீக்கிச் செம்பை முதன்மையாகக் கொண்ட புதிய மருந்துகள் பின்னர் வந்தன. அவற்றுக்கும் ஒரு குணம் உண்டு. செம்பு மிகுந்த ஈரமரத்தில் சாதாரண இரும்பாணி விரைவில் துருப்பிடித்து அரிக்கும். துத்தநாகம் தடிப்பாகப் பூசிய ஆணியோ, துருப்பிடிக்காத எஃகு ஆணியோ வேண்டும். பலகை நின்று ஆணி போனாலும் தளம் போனது போனதுதான்.

இங்கிலாந்தில் மரத்தள மோகம் பரவியது 1990ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில். 1997 முதல் 2005 வரை நடந்த கிரவுண்ட் ஃபோர்ஸ் என்னும் தொலைக்காட்சித் தொடர், வீட்டார் வெளியே சென்றிருக்கும் இரண்டே நாளில் அவர்தம் தோட்டத்தைப் புதுப்பித்துக் காட்டியது. மரத்தளம் அதில் அடிக்கடி இடம்பெற்றது. இரண்டு நாளில் போட்ட தளத்தை இருபது ஆண்டு பேணுவது எப்படி என்று காட்டும் தொடர் எதுவும் வந்ததாக நான் அறியேன். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் பல தளங்களில் பாசி படிந்து வழுக்கிற்று. பலகை முனைகள் மெத்தென்று அமுங்கின. கீழிருந்த சட்டங்கள் இற்றன. மருந்து ஊட்டிய பலகையாயிற்றே, ஏன் இற்றது? பெரும்பாலான மரங்களில் மருந்து மேற்புறத்துத் தோல்போலச் சிறிது ஆழமே இறங்குகிறது. தச்சர் பலகையை அளவுக்கு அறுத்தவுடன், மருந்து படாத உள்மரம் வெட்டுமுகத்தில் வெளிப்படுகிறது. பூஞ்சணத்துக்கு வாசல் திறந்தாயிற்று.

வெட்டுமுகத்தைப் பற்றி எனக்கு முதலில் விளக்கியது எந்தப் புத்தகமும் அன்று. மழை மிகுந்த மலையூர் ஒன்றில் நான் பணியாற்றிய காலத்தில், வகுப்பறைக்கும் மைதானத்துக்கும் இடையே மரப்படிகள் அமைத்தனர். ஒப்பந்தக்காரர் நல்ல மரந்தான் போட்டார். ஆனால் படிப்பலகைகளின் முனைகளை இருபுறமும் சிமெண்டுச் சுவருக்குள் செருகிப் பூசிவிட்டார். மூன்றாம் மழைக்காலத்தில் ஒரு படி முறிந்தது. நல்லவேளையாக ஏறியவர் எவருக்கும் அடியில்லை. பழுதுபார்க்க வந்த முதிய ஆசாரியார் முறிந்த பலகையை எடுத்து என்னிடம் காட்டினார். நடுப்பகுதி தட்டினால் மணிபோல் ஒலித்தது. முனைகள் விரலால் பிய்ந்தன. “ஐயா, பலகைக்கு வாய் இரண்டு முனையிலும்தான் இருக்கிறது. குடிப்பதும் அங்கே, உலர்வதும் அங்கே. இவர்கள் வாயைத் தண்ணீரில் வைத்து அடைத்துவிட்டார்கள்” என்றார் அவர். மரத்தின் நாளங்கள் நெடுகிலும் ஓடி முனையில் வாய்திறப்பதால், பக்கத்தைவிட முனை பல மடங்கு விரைவாக நீரை உறிஞ்சும் என்று நூல்கள் சொல்வதும் இதுவே. அவர் புதுப்படிகளைச் சுவரில் செருகவில்லை. இரும்புத் தாங்கிகளின்மேல், முனைக்கும் சுவருக்கும் விரலிடை விட்டு வைத்தார். நான் அவ்வூரை விட்டு வரும்வரை அவை நன்றாக இருந்தன.

அந்த ஆசாரியார் சொன்னதை நாட்டளவில் செய்துகாட்டியவர்கள் ஜப்பானியர். ஜப்பான் ஈரமான நாடு. ஜூன், ஜூலை மாதங்களில் வாரக்கணக்கில் மழை பெய்யும். கோடையோ புழுக்கம் மிக்கது. அந்நாட்டுத் தச்சரும் தொடக்கத்தில் தூண்களை மண்ணில் குழிதோண்டியே நட்டனர். மண்மட்டத்தில் தூண் இற்றது. அதற்கு அவர்கள் இரண்டு விடைகள் கண்டனர்.

ஒரு விடையை ஈசே என்னும் ஊரின் கோயிலில் காணலாம். அங்கே தூண்களை இன்றும் மண்ணிலேயே நடுகின்றனர். இற்றுப்போகும் என்று தெரிந்தே நடுகின்றனர். இருபதாண்டுக்கு ஒருமுறை பக்கத்து நிலத்தில் அதே வடிவில் புதுக்கோயில் எழுப்பிப் பழையதைப் பிரித்துவிடுகின்றனர். 690ஆம் ஆண்டில் தொடங்கிய இவ்வழக்கம், நடுவே உள்நாட்டுப் போர்க்காலத்தில் தடைப்பட்டும், மீண்டும் தொடர்ந்தது. 2013ஆம் ஆண்டில் எழுப்பியது அறுபத்திரண்டாவது கோயில்.

மற்றொரு விடை, பௌத்த சமயத்தோடு சீனத்திலிருந்தும் கொரியாவிலிருந்தும் வந்த கட்டடக்கலை தந்தது: தூணை மண்ணில் நடாதே, கல்லின்மேல் நிறுத்து. தூணின் அடிமுனை, அதாவது ஆசாரியார் சொன்ன வாய், கல்லின்மேல் உலர்ந்து நிற்கும். நாரா நகருக்கு அருகிலுள்ள ஹோரியூஜி மடத்தின் மரக்கட்டடங்கள் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக நிற்பதற்கு இது ஒரு காரணம். அகன்ற கூரை மற்றொரு காரணம். நம் பத்மநாபபுரம் அரண்மனையின் மரவேலைப்பாடும் தாழ்ந்திறங்கிய கூரையின் நிழலில் உலர்ந்திருப்பதாலேயே பிழைத்திருக்கிறது.

ஆனால் கூரைக்கு வெளியே மழையில் நீண்டிருக்கும் தளத்தை என்செய்வது? கியோத்தோ நகரில் கியோமிசு என்னும் கோயிலுக்குச் செல்வோம். மலைச்சரிவில் அமைந்த அக்கோயிலின் முன்னே, வெளியே நீண்டு ஒரு பெரும் மரமேடை நிற்கிறது. தரையிலிருந்து ஏறத்தாழ 13 மீட்டர் உயரம். 1629ஆம் ஆண்டில் தீக்கிரையான கோயிலை மூன்றாம் தோக்குகாவா ஆட்சித்தலைவர் இயெமித்சுவின் ஆதரவில் 1633ஆம் ஆண்டில் மீண்டும் கட்டினர். இன்று நிற்பது அதுவே. துணிந்து ஒரு செயலில் இறங்குவதைக் கியோமிசு மேடையிலிருந்து குதிப்பது என்று ஜப்பானியர் பழமொழியாகக் கூறுவர். வேண்டுதலுக்காக மெய்யாகவே குதித்தவர்களும் உண்டு. 1872ஆம் ஆண்டில் அரசு அதனைத் தடைசெய்தது.

மேடையைத் தாங்குவது கெயாக்கி என்னும் உறுதிமிக்க மரத்தால் ஆன பெருந்தூண்கள் 18. அவை கற்களின்மேல் நிற்கின்றன. தூண்களைத் துளைத்து, குறுக்குச் சட்டங்களை ஊடுருவச் செலுத்தி, ஆப்பு வைத்து இறுக்கியிருக்கின்றனர். அச்சட்டகத்தை இணைக்க ஆணி இல்லை. ஆகவே துருவும் இல்லை. துருவின் வழியே இறங்கும் நீரும் இல்லை. குறுக்குச் சட்டங்களின் முனைகள் தூண்களுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. அம்முனைகள் ஒவ்வொன்றின்மேலும் சாய்வான சிறு மரக்கூரை ஒன்று குடைபோல் வைத்திருக்கின்றனர். படத்தில் பார்ப்பவர்கள் அழகுக்கு வைத்தது என்று நினைப்பர். பலகையின் வாய் முனையில் என்பதை அந்தத் தச்சர்களும் அறிந்திருந்தனர். வாய்க்கு மழை எட்டாமல் தொப்பி போட்டனர். மேடையின் தளம் கண்ணுக்குத் தெரியாத அளவில் வெளிப்புறம் சாய்ந்திருக்கிறது. விழுந்த மழை தங்குவதில்லை, ஓடிவிடுகிறது. கீழே சரிவு, ஆதலால் அடிப்புறமெங்கும் காற்று உலாவுகிறது. நனைந்தது விரைவில் உலர்கிறது.

தளத்துப் பலகைகள் ஹினோக்கி என்னும் ஜப்பானிய சைப்பிரசு மரத்தால் ஆனவை. எண்ணிக்கை 410க்கு மேல். மழையும் வெயிலும் இலட்சக்கணக்கான மனிதர்களின் காலும் படுவது இவற்றின்மேல்தான். இவையும் தேய்கின்றன, வெடிக்கின்றன, மக்குகின்றன. ஹினோக்கி நல்ல மரமே. ஆயினும் நானூறு ஆண்டு நிற்கும் என்று எவரும் அதற்குச் சான்றிதழ் தரவில்லை. சில பத்தாண்டுக்கு ஒருமுறை பலகைகளை மாற்றுகின்றனர். சட்டகம் நூற்றாண்டுகளுக்கு உரியது. பலகை ஒரு தலைமுறைக்கு உரியது. இவ்விரண்டையும் அவர்கள் குழப்பிக்கொள்ளவில்லை. பலகையைக் கழற்றினால் சட்டகம் கெடாதபடி முதலிலேயே அமைத்துவிட்டனர். தூணின் அடி இற்றுப்போனாலும் முழுத்தூணையும் மாற்றுவதில்லை. இற்ற பகுதியை மட்டும் அறுத்து நீக்கி, புதுமரத்தை ஒன்றோடொன்று கவ்வுமாறு செதுக்கி ஒட்டவைக்கும் கலை அந்நாட்டுத் தச்சரிடம் உண்டு. இங்கிலாந்தின் தோட்டத் தளங்களில் பலவற்றிலோ, மேலே இருக்கும் பலகை புதிதாகவும் கீழே இருக்கும் சட்டம் ஈரமண்ணில் புதைந்தும் இருந்தன. கண்ணுக்குத் தெரிவதற்குச் செலவிட்டு, தாங்குவதை மறந்தனர்.

செலவைப் பற்றி ஒரு சொல். இப்படிப் பேணுவது மலிவன்று. கோயிலுக்குப் பக்தர் காணிக்கை உண்டு, தோட்டத்துக்கு யார் தருவர் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் தளத்துக்குச் சிறிது சாய்வு கொடுப்பதற்கும், பலகைகளுக்கிடையே விரற்கடை விடுவதற்கும், அவ்விடைவெளியில் அடையும் சருகைக் கிளறி எடுப்பதற்கும், காலை மண்ணில் புதைக்காமல் கல்லின்மேல் நிறுத்துவதற்கும் காணிக்கை வேண்டியதில்லை. அறுத்த முனைக்கு உடனே மருந்து பூசுவதற்கு ஒரு தூரிகை போதும். மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் கலந்து வார்த்த பலகைகளை இப்போது பலர் நாடுகின்றனர். அவற்றின் கீழும் பெரும்பாலும் மரச்சட்டமே இருப்பதால், கதை முழுவதும் மாறிவிடவில்லை.

கியோமிசு மேடையின் பலகைகளைக் கடைசியாக மாற்றிய பணி 2020ஆம் ஆண்டு டிசம்பரில் நிறைவெய்தியது. அதற்கு முன்னர் கோயிலின் கூரைக்கும் புதிய மரப்பட்டை வேய்ந்து முடித்திருந்தனர். பலகைக்கு வேண்டிய ஹினோக்கி கிடைப்பது கடினமன்று. பதினெட்டுத் தூண்களையும் மாற்றவேண்டிய நாள் வந்தால், அத்தனை பருமனுள்ள கெயாக்கி மரங்கள் எங்கே கிடைக்கும் என்னும் கவலை கோயிலாருக்கு இருந்தது. அவ்வளவு பருமன் அடைய மரத்துக்குச் சில நூற்றாண்டுகள் வேண்டும். ஆகவே கியோத்தோவைச் சூழ்ந்த மலைப்பகுதியில் கோயில் நிலம் வாங்கிக் கெயாக்கிக் கன்றுகளை நட்டு வளர்த்துவருகிறது. அவற்றில் தேறும் மரங்களிலிருந்து தூண் அறுக்கப்போகும் தச்சர்களின் பாட்டனார்க்குப் பாட்டனாரும் இன்னும் பிறக்கவில்லை.